கை கழுவச் சொன்ன டாக்டர்கள்

ஒரு விவாதத்தில் நாம் சொல்வதுதான் சரி என்று நமக்கு உறுதியாகத் தெரியும். கையில் ஆதாரம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஆனாலும் எதிரே இருப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். நாம் குரலை உயர்த்துகிறோம், அவர் இன்னும் இறுகிப் போகிறார். வீட்டில், ஹாஸ்டலில், டீக்கடையில் எல்லாம் தினமும் நடப்பதுதான். டீக்கடை விவாதத்தில் யார் ஜெயித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வரலாற்றில் ஒரு விவாதத்தில், சரியாகச் சொன்னவர் பேச்சு எடுபடாமல் போனதால் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் செத்துப் போனார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020இல் கொரோனா வந்து எல்லோரும் மணிக்கொரு தரம் கை கழுவிக் கொண்டிருந்தபோது இவர் பெயர் நிறைய அடிபட்டது. "கை கழுவுங்கள் என்று சொன்ன மேதை, முட்டாள் டாக்டர்கள் அவரைப் பைத்தியமாக்கிக் கொன்றுவிட்டார்கள்" என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடும். அந்த இரண்டு வரியில் பொய் அதிகமில்லை. ஆனால் அந்த "முட்டாள்" டாக்டர்கள் நிஜத்தில் முட்டாள்கள் இல்லை என்பதுதான் பிரச்சினையே. அவர்களில் பலர் அந்தக் காலத்து ஐரோப்பாவின் முதல் தரமான மருத்துவர்கள். பிறகு ஏன் கேட்கவில்லை?

கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

செம்மல்வைஸ் ஹங்கேரிக்காரர். 1818இல் பூடா நகரில் பிறந்தவர் (பூடாவும் பெஸ்ட்டும் அப்போது தனித்தனி ஊர்கள், பிறகு சேர்ந்துதான் புடாபெஸ்ட்). 1846இல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. ஒரு நாள் வரும் பெண்கள் முதல் வார்டுக்கு, மறுநாள் வருபவர்கள் இரண்டாவதற்கு என்று மாற்றி மாற்றிச் சேர்ப்பார்கள்.

பிரசவக் காய்ச்சல் என்று ஒரு வியாதி. நம்மூர்ப் பாட்டிகள் "பிரசவ ஜன்னி" என்பார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்திருக்கும், இரண்டு மூன்று நாளில் தாய்க்குக் கடும் காய்ச்சல், வயிற்று வலி, ஒரு வாரத்தில் மரணம். 1846ஆம் ஆண்டு முதல் வார்டில் 4010 பிரசவங்கள், 459 சாவுகள். அதாவது 100க்கு 11 பேருக்கு மேல். அதே ஆண்டு, அதே கட்டிடம், அதே ஊர்க் காற்று, இரண்டாவது வார்டில் 3754 பிரசவங்கள், 105 சாவுகள். 100க்கு 3 பேர்கூட இல்லை. ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு டாக்டர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. முதல் வார்டு நாளில் வந்துவிட்டவர்கள் இரண்டாவது வார்டில் சேர்க்கச் சொல்லி முழங்காலில் விழுந்து கெஞ்சினார்களாம். வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தவர்களில்கூட சாவு குறைவாக இருந்தது.

இதற்கு அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. காற்றில் விஷம், வானிலை, கூட்டம், பெண்களின் பயம், வெட்கம். செம்மல்வைஸ் ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கினார். இரண்டு வார்டுக்கும் ஒரே காற்று, ஆகவே காற்று இல்லை. கூட்டம் இரண்டாவதில்தான் அதிகம், ஆகவே கூட்டம் இல்லை. பெண்கள் படுக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். சாகக் கிடப்பவர்களுக்காக வரும் பாதிரியார் மணி அடித்துக் கொண்டு முதல் வார்டின் நடுவே நடந்து போவது பயத்தைக் கிளப்புகிறதோ என்று மணி இல்லாமல் சுற்று வழியில் வரச் சொன்னார். ஒன்றும் மாறவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெட்ச்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை நடக்கும்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சின்னக் காயம் சீழ் பிடித்து உடம்பு முழுக்கப் பரவி ஆளைக் கொன்றது. அந்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள் உறுப்புகளில் இருந்தது அத்தனையும் பிரசவக் காய்ச்சலில் செத்த பெண்களின் உடலில் பார்த்த அதே அடையாளங்கள்! அப்படியானால் பிணத்திலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்துக்குள் போயிருக்கிறது. முதல் வார்டு டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு, சோப்பில் லேசாகக் கழுவி, பிணவாடை போகாத அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. கணக்கு நேராகிவிட்டது.

மே மாதம் வார்டு வாசலில் குளோரின் நீர் வைத்தார், பிறகு விலை குறைவு என்று சுண்ணாம்புக் குளோரைடு. நம்மூரில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரேதான். கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது, ஜூலையில் இன்னும் குறைந்தது. 1848 முழு ஆண்டுக்கும் முதல் வார்டில் 3556 பிரசவங்களில் 45 சாவுதான். அந்த ஆண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவர்கூடச் சாகவில்லை.

இதற்கு மேல் ஆதாரம் என்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நின்று, எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

செம்மல்வைஸின் மேலதிகாரி யோஹான் க்ளைன். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த போயர் என்பவர் மாணவர்களுக்குப் பிரசவப் பயிற்சியைப் பொம்மையில்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் காலத்தில் சாவு குறைவு. 1820களில் க்ளைன் வந்த பிறகு பிணங்களில் பயிற்சி ஆரம்பமானது, சாவும் ஏறியது. இப்போது 28 வயது உதவியாளர் ஒருவர், அதுவும் வெளியூர்க்காரர், "கை கழுவுவோம் சார்" என்கிறார். மேலுக்குப் பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர் விஷயம். உள்ளே இருக்கும் அர்த்தம் வேறு: இருபது வருஷத்துக்கும் மேலாக இங்கே செத்த பெண்களைக் கொன்றது காற்றும் இல்லை, கடவுளும் இல்லை, நீங்கள்தான். உங்கள் கை, உங்கள் பாடத்திட்டம். க்ளைன் கை கழுவ ஒப்புக்கொண்டால், இதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாளித் தண்ணீரின் விலை அதுதான்.

இது நான் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. அந்த விலையை முழுசாகக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். ஜெர்மனியில் கீல் நகரத்துப் பிரசவ மருத்துவர் குஸ்டாவ் மிகாயலிஸ். வியன்னா செய்தி 1847 கடைசியில் கடிதம் மூலம் அவருக்குப் போனது. உடனே தன் மருத்துவமனையில் குளோரின் கழுவலைக் கொண்டுவந்தார், சாவு குறைந்தது. ஆனால் அந்த ஆண்டு கோடையில்தான் அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி, அவரே பிரசவம் பார்த்தவள், காய்ச்சலில் இறந்திருந்தாள். கை கழுவல் பலித்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அவளைக் கொன்றது யார் என்று. 1848 ஆகஸ்டில் ரயில் முன்னால் விழுந்து உயிரை விட்டார்.

உண்மையை உடனே ஏற்றுக்கொண்ட நேர்மையான மனிதருக்குக் கிடைத்தது இது. மற்றவர்கள் ஏன் முப்பது காரணம் தேடினார்கள் என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது அல்லவா? (முப்பது என்பது பேச்சுக்குச் சொன்னது அல்ல. செம்மல்வைஸுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த கார்ல் பிரவுன் தன் பாடநூலில் பிரசவக் காய்ச்சலுக்கு 30 காரணங்களைப் பட்டியல் போட்டார். பிணத்தொற்று அதில் 28ஆவது.)

செம்மல்வைஸ் தானும் அந்த விலையைக் கொடுத்தவர்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் தினமும் அதிகப் பிரேதப் பரிசோதனை செய்தவர்களில் அவரும் ஒருவர். தன்னால் எத்தனை பெண்கள் குழிக்குள் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாரத்தை அவர் சுமந்தார். மற்றவர்களும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். அவரைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் தொட்ட இடம் இதுதான். அவருடைய கோபத்தின் வேரும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அவர் தன் தரப்பை எப்படி எடுத்துச் சொன்னார்? சொல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. எழுதுவதில் அவருக்கு வெறுப்பு. 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் அவருக்காகக் கட்டுரை எழுதியவர் நண்பர் ஹெப்ரா. 1849இல் விஞ்ஞான அகாதெமியில் பேசியவர் ஸ்கோடா. அவரே மேடையேறி வியன்னா மருத்துவர் சங்கத்தில் பேசியது 1850 மே மாதம். அதற்குள் அவருடைய பதவி நீட்டிக்கப்படாமல் போய்விட்டது. அந்த அக்டோபரில் ஒரு சின்ன விரிவுரையாளர் பதவி கொடுத்தார்கள், பொம்மையில் மட்டும்தான் பயிற்சி தரலாம் என்ற நிபந்தனையோடு. அவமானம் தாங்காமல் ஒரு வாரத்துக்குள் ஊரை விட்டே போய்விட்டார். தனக்காக அத்தனை பாடுபட்ட நண்பர்களிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு வியன்னாவில் அவருக்காகப் பேச ஆளில்லாமல் போனது.

பெஸ்ட் நகரில் செயின்ட் ரோக்குஸ் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே 933 பிரசவங்களில் காய்ச்சலால் 8 சாவு மட்டுமே. 1860 கடைசியில்தான் (அட்டையில் 1861 என்று இருக்கும்) புத்தகம் வந்தது. கண்டுபிடித்து பதின்மூன்று வருஷம் கழித்து! அந்தப் புத்தகத்தில் முன்பாதி தெளிவான கணக்கு. பின்பாதி, தன்னை மறுத்தவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவது. அதற்கும் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. பிறகுதான் பகிரங்கக் கடிதங்கள். வூர்ட்ஸ்பர்க் பேராசிரியர் ஸ்கான்சோனிக்கு எழுதியதில், மறுக்காமலே பழைய பாடத்தை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் உன்னைக் கொலைகாரன் என்று கடவுளுக்கும் உலகத்துக்கும் முன்னால் அறிவிப்பேன் என்றார். மருத்துவ நீரோ என்றும் சொன்னார். 1862இல் எல்லாப் பிரசவப் பேராசிரியர்களுக்கும் பொதுவாக ஒரு கடிதம்.

கடிதம் வாங்கிய ஒருவராவது "ஐயோ, நான் கொலைகாரனா? சரி, இன்றிலிருந்து கழுவுகிறேன்" என்று திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கொலைகாரன் என்று கூப்பிடப்பட்டவனுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நான் கொலைகாரன் இல்லை என்று நிரூபிப்பது. அதை நிரூபிக்க வேண்டுமானால் கை கழுவுவது வீண் என்றும் நிரூபித்தாக வேண்டும். இரண்டையும் செம்மல்வைஸ் தன் கையாலேயே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் அவர் நாக்கின் மேல் போட முடியாது. கிருமி என்ற ஒன்று அப்போது யாருக்கும் தெரியாது. கையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால், அது என்ன என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. வியாதிக்கு ஒரே காரணம்தான் என்று அவர் அடித்துப் பேசியதும் அந்தக் காலத்து மருத்துவத்துக்குப் புதிது. ஆனால் இதே செய்தியை இதே குறைபாட்டோடு சொன்னவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் முழுசாகத் தெரியும்.

முதலில் ஸ்காட்லாந்து. அபெர்தீன் நகரத்து டாக்டர் அலெக்சாண்டர் கார்டன். 1789 கடைசியிலிருந்து 1792 வரை அங்கே பிரசவக் காய்ச்சல் பரவியது. கார்டன் 77 நோயாளிகளை ஒவ்வொருவராகக் குறித்து வைத்தார். அட்டவணையில் நோயாளியின் பெயர், வயது, இடம், இறந்தாரா பிழைத்தாரா, கடைசியாகப் பிரசவம் பார்த்தவர் பெயர். எந்த மருத்துவச்சி பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று சொன்னால் போதும், அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன் என்ற நிலைக்கு வந்துவிட்டார். தானே பல பெண்களுக்கு நோயைக் கொண்டுபோனதையும் மறைக்காமல் எழுதினார். மருத்துவர்களும் நர்ஸுகளும் நன்றாகக் கழுவ வேண்டும், துணிகளை எரிக்க வேண்டும் அல்லது புகை போட வேண்டும் என்றார். செம்மல்வைஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால்!

1795இல் புத்தகத்தை அச்சிட்டார், மருத்துவச்சிகளின் பெயர்களோடு. சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நேற்றுவரை ஊரே கையெடுத்துக் கும்பிட்ட மருத்துவச்சியின் பெயர் பக்கத்தில் செத்தவர்கள் எண்ணிக்கை. ஊர் கொதித்தது, கோபம் முழுக்க கார்டன் மேல் திரும்பியது. அதே ஆண்டு கடற்படை அவரைத் திரும்ப அழைக்க, ஊரை விட்டுப் போனார். 1799இல் காசநோயால் இறந்தார், 47 வயதில். தன் பெயரையும் சேர்த்துத்தானே போட்டார், நேர்மைதானே என்று வாதாடலாம். நேர்மைதான். ஆனால் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, அதே மூச்சில் பக்கத்து வீட்டுக்காரியையும் சேர்த்துச் சொல்லும்போது அவளுக்கு அது நேர்மையாகத் தெரியாது.

அடுத்தது அமெரிக்கா, பாஸ்டன், 1843. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 33 வயது டாக்டர், அதைவிடக் கவிஞராகப் பிரபலம். பிரசவக் காய்ச்சல் தொற்றுநோய்தான், டாக்டர்களும் நர்ஸுகளும்தான் தூக்கிக் கொண்டு போகிறார்கள் என்று ஒரு கட்டுரை படித்தார். கார்டனின் ஆதாரங்களையும் எடுத்துக் காட்டினார். கட்டுரையின் முடிவில் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்க வேண்டியது. இதுவரை தெரியாமல் இந்தத் துயரத்துக்குக் காரணமாக இருந்தவர்களுக்கு என்ன சலுகை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். ஆனால் இனிமேலும் ஒரே மருத்துவரின் நோயாளிகள் வரிசையாகச் செத்தால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது, குற்றம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கோடு போட்டார். நேற்று வரை மன்னிப்பு, நாளை முதல் பொறுப்பு. வார்த்தை காரம்தான், ஆனால் எதிராளிக்கு வெளியே போக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார் பாருங்கள்.

அப்படியும் எதிர்ப்பு வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பெரிய பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், இந்தச் சாவுகளைத் தற்செயல் என்றோ கடவுள் சித்தம் என்றோ சொல்வேனே தவிர, எனக்கு விளங்காத தொற்று என்று சொல்ல மாட்டேன் என்றார், இளவட்டங்களின் கனவு என்று நக்கலும் அடித்தார். 1855இல் ஹோம்ஸ் தன் கட்டுரையை மறுபடி அச்சிட்டு முன்னுரை எழுதினார். வசவுக்குப் பதில் வசவு அதில் இல்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் தாயின் கட்டிலருகே நின்று தன்னை யாரும் சண்டைக்கு இழுக்க முடியாது என்ற மாதிரி எழுதிவிட்டு, நேராக ஆதாரத்துக்குப் போய்விட்டார். மெய்க்ஸ் மாறவில்லை. ஹோம்ஸ் எழுதியது மெய்க்ஸைப் பார்த்தும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படிக்கப் போகிற மாணவர்கள் இன்னும் யாரையும் சாகவிடவில்லை. அவர்களுக்கு ஒப்புக்கொள்ளச் செலவே இல்லை.

ஹோம்ஸ் ஜெயித்தாரா என்றால், முழுசாக இல்லை. அமெரிக்காவில் பெண்கள் இறந்து கொண்டுதான் இருந்தார்கள். பணிவாகச் சொன்னால் உலகம் உடனே கேட்டுவிடும் என்று கதைவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் ஊரை விட்டு ஓடவும் இல்லை, அவர் பேச்சு செத்துப் போகவும் இல்லை.

உலகம் நிஜமாகக் கேட்டது இன்னொருவர் சொன்னபோது.

1865 ஆகஸ்ட் 12. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ மருத்துவமனை. வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்த நிலையில் 11 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் என்றால் பெரும்பாலும் காலை வெட்டுவார்கள், அல்லது சீழ் பிடித்து ஆள் போய்விடுவான். ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான்.

அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 13, வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் செம்மல்வைஸ் இறந்தார். மனநிலை குழம்பியிருந்த அவரை, பழைய நண்பர் ஹெப்ராவே ஏதோ சாக்குச் சொல்லி அழைத்துப் போய் அங்கே விட்டிருந்தார். காவலாளிகள் அடித்திருக்கிறார்கள். சீழ் பிடித்து ரத்தம் கெட்டு, தான் வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் போராடிய அதே வகை நோயில், இரண்டே வாரத்தில் போய்விட்டார். அவருக்கும் 47 வயது.

லிஸ்டருக்குச் செம்மல்வைஸின் பெயர்கூடத் தெரியாது. அவர் படித்தது பாஸ்டரை. சாராயமும் பாலும் கெட்டுப்போவது காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களால் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் காட்டியிருந்தார். அப்படியானால் காயம் அழுகுவதும் அதனால்தானே என்று லிஸ்டர் யோசித்தார். 1867இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்யச் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான், கையையும் கருவியையும் காயத்தையும் கிருமிநாசினியில் கழுவு. ஆனால் செம்மல்வைஸின் கதையில் கொலைகாரன் டாக்டர். லிஸ்டரின் கதையில் கொலைகாரன் காற்றில் மிதக்கும் ஒரு கிருமி. டாக்டர் அதை எதிர்த்துப் போராடும் வீரன், இதுவரை கையில் ஆயுதம் இல்லாமல் போராடியவன், இதோ ஆயுதம் வந்துவிட்டது. இதை ஏற்றுக்கொள்ள யாரும் தன் பழைய நோயாளிகளின் கல்லறையை எண்ண வேண்டியதில்லை. "புது முறை வந்திருக்கிறது, செய்து பார்க்கிறேன்" என்றால் போதும். ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபோல்க்மன் அப்படித்தான் 1872இல் பெரிய நம்பிக்கை இல்லாமலே செய்து பார்த்தார், பிறகு லிஸ்டரைவிடத் தீவிரமான லிஸ்டர் பக்தராகிவிட்டார்.

லிஸ்டர் இதைத் தந்திரமாகத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் நம்பியது அதைத்தான், காற்றைப் பற்றி அவர் நினைத்ததில் பாதி தப்பும்கூட. ஆனால் சண்டை வந்தபோது நடந்துகொண்ட விதம் அவர் தேர்ந்தெடுத்தது. எடின்பரோவின் மிகப் பிரபலமான மருத்துவர் சிம்ப்சன் (குளோரோஃபார்மைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தவர்) 1867இல் புனைபெயரில் எழுதி, கார்பாலிக் அமிலம் லிஸ்டர் கண்டுபிடித்ததே இல்லை, பிரான்சில் லெமேர் என்பவர் முன்பே பயன்படுத்திவிட்டார் என்று கிளப்பினார். கிட்டத்தட்ட திருட்டுப் பட்டம். லிஸ்டரின் பதில் சுருக்கம்: அந்தப் புத்தகம் எனக்குத் தெரியாது, கார்பாலிக் அமிலத்தை முதலில் பயன்படுத்தியவன் நான் என்று சொல்லவும் இல்லை, முறைதான் முக்கியம், அதன் பலனை வார்டில் பார்க்கலாம். அவ்வளவுதான். பெருமையைக் கேட்டவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். பாஸ்டருக்கோ கேட்காமலே கொடுத்தார், 1874இல் நன்றி சொல்லிக் கடிதமே எழுதினார்.

கணக்கும் வெளியிட்டார். கை கால் வெட்டும் அறுவையில் முன்பு 35 பேரில் 16 பேர் இறந்தார்கள், புதிய முறைக்குப் பின் 40 பேரில் 6 பேர். முதலில் இறந்த அந்த 16 பேரும் அவருடைய சொந்த நோயாளிகள்தான். அடுத்தவன் வார்டை வைத்து ஒப்பிடவில்லை, தன் நேற்றையும் தன் இன்றையும் வைத்து ஒப்பிட்டார். படிப்பவனுக்கு இதில் காயப்பட எதுவும் இல்லை.

மகான் என்று நினைக்க வேண்டாம், அவருக்கும் சறுக்கியது. 1877இல் லண்டனுக்குப் பதவி மாறுவதற்கு முன்னால், லண்டனில் மருத்துவம் சொல்லிக் கொடுக்கும் முறை வெறும் பாசாங்கு என்கிற மாதிரிப் பேசிவிட, அது பத்திரிகையில் வந்துவிட்டது. லண்டன்காரர்கள் சும்மா விடுவார்களா? போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் கூட்டமே இல்லை. ஏற்கெனவே மெதுவாக நகர்ந்த லண்டன் இன்னும் மெதுவாகியது. ஒரு வார்த்தைக்கு அவ்வளவு விலை. பிற்பாடு தன் முறையில் தப்பு தெரிந்தபோது மட்டும் தயங்கவில்லை. அறுவை அறை முழுக்கக் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கும் கருவி ஒன்றை 1870களில் அறிமுகப்படுத்தியிருந்தார். அது வீண் என்று தெரிந்ததும் கைவிட்டார், 1890இல் பெர்லினில் கூடியிருந்த மருத்துவர்கள் முன்னால் அதைப் பரிந்துரைத்ததற்கே வெட்கப்படுகிறேன் என்றார்.

பாஸ்டர் இந்த விஷயத்தில் நேர் எதிர். 1879இல் பாரிஸ் மருத்துவ அகாதெமியில் ஒருவர் பிரசவக் காய்ச்சலைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, நோயைக் கொண்டு போவது டாக்டர்களும் ஊழியர்களும்தான் என்று சொல்லி, கரும்பலகையில் சங்கிலி மாதிரி இருக்கும் அந்தக் கிருமியை வரைந்து காட்டினார். அடுத்த வருஷம் வேறொரு விவாதத்தில் கிட்டத்தட்ட 80 வயதான ஒரு டாக்டர் இவருடைய பேச்சில் கடுப்பாகி அடிக்கவே பாய்ந்து, மறுநாள் வாள்சண்டைக்கு ஆள் அனுப்பினார்! பாஸ்டருக்கு இது கட்டுப்படியானது, ஏனென்றால் கரும்பலகையில் வரைய அவரிடம் ஒன்று இருந்தது. செம்மல்வைஸிடம் வெறும் எண்கள்தான் இருந்தன.

கண் முன்னால் பெண்கள் செத்துக் கொண்டிருக்கும்போது மரியாதையாகப் பேசு, மனசு நோகாமல் பேசு என்று செம்மல்வைஸுக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்தக் கேள்வி நியாயமானது, எழுதும்போதே எனக்கு உறுத்தியது. கோபப்பட அவருக்கு முழு உரிமை இருந்தது. ஸ்கான்சோனியின் மானமும் ஒரு தாயின் உயிரும் ஒரே தராசில் வைக்கக் கூடியவையும் அல்ல. ஆனால் அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி ஆகிறது. டாக்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுதாரா என்பது வார்டில் படுத்திருப்பவளுக்குத் தேவையில்லை. அவர் கையைக் கழுவினாரா என்பது மட்டும் போதும். செம்மல்வைஸ் இரண்டையும் சேர்த்துக் கேட்டார், இரண்டுமே கிடைக்கவில்லை. லிஸ்டர் ஒன்றை மட்டும் கேட்டார்.

லிஸ்டர் 1880களில் புடாபெஸ்ட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே மருத்துவர்களும் மாணவர்களும் பிரமாதமாக வரவேற்றார்கள். பல வருஷம் கழித்து, கிழவரான பிறகு, ஒரு கடிதத்தில் அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்து எழுதினார். செம்மல்வைஸ் பிறந்து, வேலை பார்த்து, பேராசிரியராக இருந்த அந்த ஊரில், தான் இருந்த நாட்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லையாம்.